சோப்பை மாற்றி மாற்றி ஓய்ந்துவிட்டேன்: வாசனை ஒத்துக்கொள்ளாத தோலோடு எப்படி வாழ்கிறீர்கள்?

நொய்யல்கரை (ஈரோடு) – இழையைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் வணக்கம். என் இரண்டு கைகளிலும் விரல் நுனிகள் வெடித்துக் காய்ந்து கிடக்கின்றன. காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் அரிப்பெடுத்துச் சிவந்துவிடுகிறது. பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். அந்த வாரம் கண் இமைகள் வீங்கி, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வீட்டில் தூசி என்றார்கள். பள்ளியில் (நான் ஆசிரியை) சாக்பீஸ் தூள் என்றார்கள். மாமியார் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார்; நிறுத்தியும் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை.

குளியல் சோப்பை மாற்றினேன். மூலிகைச் சோப்பு, குழந்தைச் சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு எல்லாம் வந்து போயின. முதலில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், பிறகு பழையபடி ஆகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் இரண்டே நாளில் மறைகிறது. விட்டால் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது.

எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசனையே இல்லாத பொருள்கள் நம் ஊரில் கிடைக்கின்றனவா? ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். பன்னீர், சந்தனம், ஊதுவத்தி, போதாததற்கு ஒவ்வொருவர் உடம்பிலும் சென்ட். அதை நினைத்தால் இப்போதே கழுத்து அரிக்கிறது.

பவழமல்லி (சென்னை)

நொய்யல்கரை, முதலில் ஒன்று சொல்கிறேன்: இனி ஒரு சோப்புகூட வாங்காதீர்கள். எனக்கு வாசனைப் பொருள்களுக்கு ஒவ்வாமை இருப்பது உறுதியாகி வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன் நானும் உங்களைப் போலவே கடை கடையாக அலைந்திருக்கிறேன்.

சோப்பால் தோல் கெடுவது இரண்டு விதம். ஒன்று எரிச்சல். சாதாரணச் சோப்பு காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், சுமார் 5. நாள் முழுக்கச் சோப்பு நுரையில் கை நனைந்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய்விடும்; பிறகு காய்ந்து வெடிக்கும். இது யாருக்கும் வரலாம், அளவைக் குறைத்தால் குறையும். மற்றது உண்மையான ஒவ்வாமை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தை எதிரியாகப் பதிவுசெய்துவிடுகின்றன. அதன்பின் அது மிகக் குறைவாகப் பட்டாலும்கூடத் தோல் பொங்கலாம்.

அந்த ஒவ்வாமை உடனே வராது. பொருள் பட்ட பிறகு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கழித்துத்தான் வரும். திங்கட்கிழமை பட்டதற்குப் புதன்கிழமை அரிக்கும்போது நாம் புதன்கிழமை தொட்டதைக் குற்றம் சொல்கிறோம். பத்து வருடமாகப் பயன்படுத்திய பொருளுக்குத் திடீரென ஒவ்வாமை வரவும் கூடும். "இதைத்தானே எப்போதும் போடுகிறேன், இது காரணமாக இருக்காது" என்ற நினைப்பில்தான் பலருக்கு வருடக் கணக்கில் காரணம் தெரியாமலே போகிறது.

இதைக் கண்டுபிடிக்க இருக்கும் வழி பேட்ச் டெஸ்ட். முதுகில் சின்னச் சின்ன வட்டங்களில் ரசாயனங்களை வைத்து ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டாவது தடவை போகாமல் இருந்துவிடாதீர்கள். பல ஒவ்வாமைகள் அப்போதுதான் தெரியும். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. நம் சித்திரை வெயிலில் அது நடக்காத காரியம், வெயில் தணிந்த நாளாகப் பாருங்கள். ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை வேறு வகைக்கானது. பணத்தை அதில் போடாதீர்கள்.

கிணற்றடி (கும்பகோணம் பக்கம்)

பரிசோதனை எல்லாம் சரி, தாயே. ஆனால் இந்த வினையே சோப்பு வந்த பிறகு வந்ததுதானே? எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகப் பாசிப்பயறு மாவுதான். பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போகரிசி எல்லாவற்றையும் நிழலில் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துவைத்துவிடுவேன். தலைக்குச் சீயக்காய். உங்கள் பக்கம் அரப்பு. வாசனையும் உண்டு, ரசாயனமும் இல்லை. பேரப்பிள்ளைகள் வரை யாருக்கும் ஒரு சிரங்கு வந்ததில்லை. நொய்யல்கரை, முகவரி கொடுத்தால் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன்.

பவழமல்லி

கிணற்றடி அம்மா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் இது ஒருவருடைய முகம் சம்பந்தப்பட்டது.

இயற்கையான வாசனையும் ரசாயனம்தான். கிராம்பிலும் துளசியிலும் இருப்பது யூஜினால். பட்டையின் மணம் சின்னமால்டிஹைடு. ரோஜாவில் ஜெரானியால், லாவெண்டரில் லினலூல், எலுமிச்சைத் தோலில் லிமோனீன். ஒவ்வாமைப் பரிசோதனையில் 'ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ்' என்று வைப்பதில் யூஜினாலும் ஜெரானியாலும் சின்னமால்டிஹைடும் இருக்கின்றன. லினலூலும் லிமோனீனும் காற்று பட்டுப் பழசாகும்போது இன்னும் கடுமையான ஒவ்வாமைப் பொருள்களாக மாறுகின்றன. ஆகவே பழைய எண்ணெய்ப் புட்டி புதியதைவிட ஆபத்து.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் சேர்க்கும் கார்போகரிசியில் சோராலென் இருக்கிறது. வெயிலைத் தோலில் பலமாக வேலைசெய்ய வைக்கும் பொருள் அது. வெண்புள்ளிச் சிகிச்சையில் மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்படுவதும் அதனால்தான். அதை முகத்தில் பூசிக் குளித்துவிட்டு வெயிலில் போனால் சிலருக்குச் சிவந்து, கொப்பளித்து, கருந்திட்டு விழும். ஏற்கெனவே வெடித்திருக்கும் தோலுக்குக் கட்டாயம் வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். வந்தவருக்கு அது ஆறுதலாகாது.

மாத்திரைக்காரர் (மதுரை)

நான் மருந்தாளுநர். அந்தக் களிம்பைப் பற்றி முதலில் பேசுவோம். இரண்டு நாளில் மறைந்து, விட்டதும் பொங்குகிறது என்றால் அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்க நிறைய வாய்ப்புண்டு. பூஞ்சை மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்கள். படை, அரிப்பு, பரு, கறுப்பு எல்லாவற்றுக்கும் மக்கள் கேட்பது அதைத்தான். 2018இல் இத்தகைய பல ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆனாலும் கையெழுத்தில்லாத துண்டுக் காகிதத்தோடு வந்து வாங்கிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முகத்திலும் இமையிலும் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பிக்கும். கண்ணுக்கருகே பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் கூடுவது, கண்புரை வரைக்கும் ஆபத்து உண்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்தல்ல. சரியான வீரியத்தில், சரியான இடத்தில், சரியான காலத்துக்குக் கொடுத்தால் அது பெரிய உதவி. அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

அந்தக் களிம்புகளிலும் காயத்துக்குத் தூவும் பவுடர்களிலும் இருக்கும் நியோமைசின் பலருக்கு ஒவ்வாமை தரும். மருந்து பூசப் பூசப் புண் பெருகுகிறது என்று வருகிறவர்களில் சிலருக்குக் காரணம் மருந்துதான்.

பரிசோதனைக்கு முன் முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடிவு தப்பாக வரும்.

சோப்பு உறையைப் பற்றி ஒரு வார்த்தை. டி.எஃப்.எம். என்ற எண்ணைப் பார்த்து நல்ல சோப்பு என்று வாங்குகிறோம். இந்தியத் தரநிலைப்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது குறைந்தது 76 விழுக்காடு. 'பேத்திங் பார்' என்று எழுதியிருந்தால் 40 போதும். அது கொழுப்புப் பொருளின் அளவு, அவ்வளவே. அதே கட்டியில் என்ன வாசனை எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில்கூடச் சட்டப்படி வரையறை கிடையாது.

கரண்டி (திருநெல்வேலி)

நான் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன். கல்யாணச் சமையலில் பாத்திரம் கழுவ வரும் பெண்களுடைய கைகளைப் பார்த்தால் வயிறு எரியும். சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறி, விரலிடுக்கு வெள்ளையாக அழுகி, நகக்கண் வீங்கி இருக்கும். "இது தொழிலோடு வருவது அண்ணாச்சி" என்பார்கள். தொழிலோடு வருகிறது என்றால் அதைத் தடுப்பது வேலை கொடுப்பவன் பொறுப்பு என்று நான் நினைக்கிறேன்.

என் குழுவில் செய்வதைச் சொல்கிறேன். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, அதற்கு மேல் ரப்பர் கையுறை. வெறும் ரப்பரை மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். சிலருக்கு ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனமே ஆகாது, அவர்களுக்கு வினைல் கையுறை. உள்ளே ஈரம் போனால் உடனே கழற்ற வேண்டும். ஒருத்தியே நாள் முழுக்கக் கழுவாமல் முறை மாற்றிவிடுகிறோம். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ ஒரு டப்பா வைத்திருக்கிறோம். செலவு பெரிதில்லை.

ஒன்று கேட்கவேண்டும். பாத்திரச் சோப்புக் கட்டி நல்லதா, திரவம் நல்லதா? திரவம் கைக்கு மென்மை என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள்.

இரவுப்பணி (திருச்சி)

செவிலியராக இருக்கிறேன். ஒரு பணிநேரத்தில் எத்தனை தடவை கை கழுவுகிறோம் என்று கணக்கே கிடையாது. எங்கள் அனுபவத்தில் சொல்வது: கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பு. இல்லாவிட்டால் கிளிசரின் கலந்த ஆல்கஹால் கைத்தேய்ப்பான், வாசனை இல்லாததாகப் பார்த்து. வெடிப்பில் பட்டால் எரியும், அதனால் ஆல்கஹால்தான் தோலைக் கெடுக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டுக் கழுவுவதைவிட அது தோலைக் குறைவாகவே காயவைக்கும். ஆனால் ஏற்கெனவே வெடித்த கை ஆறும்வரை கஷ்டம்தான்.

கழுவும்போது மோதிரத்தைக் கழற்றுங்கள். அதன் அடியில் சோப்பு தங்கி, அங்கேயிருந்துதான் பலருக்கு ஆரம்பிக்கிறது. வெந்நீர் வேண்டாம். விரலிடுக்கை ஒற்றி உலர்த்துங்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் வழக்கம் இருக்கிறதே, அதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். ஆரோக்கியமான குழந்தைக்கு அது தேவையே இல்லை. தோல் எரிச்சலோடு வரும் பச்சைக் குழந்தைகளைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை.

வடலி (டொரொண்டோ)

நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். எனக்குத் தோலும் ஆகாது, மூச்சும் ஆகாது. இங்கே பல வைத்தியசாலைகளிலும் சில அலுவலகங்களிலும் "தயவுசெய்து வாசனைப் பொருள்கள் பூசிக்கொண்டு வராதீர்கள்" என்று வாசலிலேயே அறிவித்தல் இருக்கும். ஹாலிஃபக்ஸ் நகரம் இதில் முன்னோடி. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு. என்றாலும் எங்களைப் போன்றவர்களுக்கும் அது நிழல் தருகிறது.

ஆனால் எங்கள் கோயிலுக்கும் கலியாண மண்டபத்துக்கும் அந்த அறிவித்தல் இன்னும் வந்து சேரவில்லை. வாசலிலேயே பன்னீர்ச் செம்போடு ஒரு பிள்ளை நிற்கும். வேண்டாம் என்று தலையை ஒதுக்கினால் அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போகும், தாய்க்குக் கோபம் வரும். எங்கள் ஆட்களுக்கு வாசனை என்பது மரியாதை. சந்தனத்தை மறுப்பது உறவை மறுப்பதுபோல ஆகிவிடுகிறது. சவர்க்காரத்தை மாற்றுவது சுகம், இதுதான் கஷ்டம். நொய்யல்கரை அக்கா, கலியாணத்தன்று சொல்லாதீர்கள். ஒரு மாதம் முன்பே, இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் உட்கார்ந்து விளங்கப்படுத்திச் சொல்லுங்கள். முதலில் தெரிந்திருந்தால் யாரும் அவமதிப்பாக எடுக்கமாட்டார்கள்.

கடைக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'அன்சென்டட்' என்று போட்ட பொருளில் மற்ற மணத்தை மறைக்கவென்றே வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்பதைத்தான் தேட வேண்டும். அதிலும் உள்ளடக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. மருந்தின் பெயர், வீரியம், எத்தனை நாள் பூசுவது என்று யாரும் யாருக்கும் இங்கே எழுதிக்கொடுக்க வேண்டாம். முகவரியைப் பொதுவில் பகிர வேண்டாம்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் தாமதமான பதில், மன்னியுங்கள். பேட்ச் டெஸ்ட் எடுத்துவிட்டேன். முதல் தடவை, ஒட்டியதை எடுத்தபோது முதுகில் பெரிதாக ஒன்றும் இல்லை, கணவர் "இதற்கா இவ்வளவு" என்றார். பவழமல்லி சொன்னது மனதில் இருந்ததால் இரண்டாம் தடவையும் போனேன். இரண்டு இடங்களில் சிவந்து தடித்திருந்தது. ஒன்று ஃபிராக்ரன்ஸ் மிக்ஸ். இன்னொன்று, வாயில் நுழையாத பெயர், மெத்தில்ஐசோதையாசோலினோன். அதுதான் அதிகம்.

மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து "இது இருக்கும் எதையும் தொடாதீர்கள்" என்றார். வெளியே கூட்டம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் இருந்த சோப்புக் கட்டிகளின் உறைகளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை! அப்படியென்றால் எங்கிருந்து வருகிறது?

பவழமல்லி

கட்டிகளில் இருக்காது. அது நீர்மப் பொருள்கள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. ஷாம்பு, கை கழுவும் திரவம், பாத்திரம் துலக்கும் திரவம், சலவைத் திரவம், துணி கண்டிஷனர், ஈரத் துடைப்பான், தரை துடைக்கும் திரவம், இவற்றில் தேடுங்கள்.

பெயிண்டிலும் இருக்கும்! நீரில் கலக்கும் எமல்ஷன் பெயிண்ட் டப்பாவுக்குள் கெடாமல் இருக்க இந்த வகைப் பொருளைச் சேர்க்கிறார்கள். சுவரில் அடித்த பிறகு அது காற்றில் கலந்து வரும். வாரக்கணக்கில்கூட நீடிக்கும். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, முதலில் வீங்குவது அங்கேதான். பொங்கல் சமயத்தில் உங்கள் கண் மூடிப்போனதற்கு அந்தச் சுவர்தான் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. மருத்துவரிடம் அடுத்த முறை இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

யோசித்துப் பாருங்கள். விரல் நுனிக்குப் பாத்திரத் திரவம், பள்ளியில் கை கழுவும் திரவம். காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் ஷாம்பு வழிந்து இறங்கும் பாதை. நீங்கள் மாற்றிக்கொண்டே இருந்தது குளியல் சோப்பை மட்டும்.

இந்தப் பொருளை அமெரிக்கத் தொடுதல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம், ஈரத் துடைப்பான் போன்றவற்றில் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைசெய்துவிட்டது. கழுவிவிடும் பொருள்களில் மிகக் குறைந்த அளவு மட்டுமே அனுமதி.

வாசனை விஷயத்திலும் அங்கே ஒரு நேர்மை இருக்கிறது. 26 வாசனைப் பொருள்களை, கழுவாத கிரீமில் 0.001 விழுக்காட்டுக்கு மேலும் கழுவும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால், பெயர் சொல்லி உறையில் அச்சிட வேண்டும் என்று 2005 முதல் கட்டாயம். 2023இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரித்துவிட்டார்கள். நம் ஊர் உறையில் பெரும்பாலும் 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லுக்குள் நூறு பொருள்கூட ஒளிந்திருக்கலாம். வாங்கிப் பூசி அவதிப்படுகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

மாத்திரைக்காரர்

உறை படிக்கும் வழி: பெயர் 'தையாசோலினோன்' என்று முடிந்தால் கீழே வைத்துவிடுங்கள். மெத்தில், மெத்தில்குளோரோ, பென்சோ, ஆக்டைல் என்று முன்பகுதி மாறும். எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றுக்கு ஆகாதவருக்கு மற்றதும் சில சமயம் ஆகாது. வாசனைக்கு: பர்ஃப்யூம், பார்ஃபம், ஃபிராக்ரன்ஸ், அரோமா, 'எசன்ஷியல் ஆயில்' என்று எது இருந்தாலும் வேண்டாம். வீட்டுச் சுத்தப் பொருள்களின் உறையில் முழுப் பட்டியலே இல்லாததும் உண்டு. பட்டியல் இல்லாததை வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

புதிதாக ஒரு கிரீம் வாங்கினால் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, தினம் இரண்டு வேளை, ஒரு வாரமாவது பூசிப் பாருங்கள். ஒரு நாள் பூசிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுசெய்ய முடியாது. சோப்பையும் சலவைத்தூளையும் இப்படிச் சோதிக்கக் கூடாது. தோலில் அப்படியே விட்டால் யாருக்கும் புண்ணாகும்.

கரண்டி அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு: கட்டியில் காரம் அதிகம், எரிச்சல் அதிகம். திரவம் அதில் பரவாயில்லை, ஆனால் நொய்யல்கரை போன்றவர்களுக்குத் திரவத்தில் இருக்கும் பாதுகாப்புப் பொருள் பகை. கையுறை இருந்தால் இந்தக் கேள்வியின் கனம் பாதியாகக் குறைகிறது. நீங்கள் அதைச் செய்கிறீர்கள், அதற்கு என் வணக்கம்.

ஈரப்பசை கிரீமைத் தாராளமாகப் பூசுங்கள். நம்மவர்கள் கடுகளவு எடுத்துத் தேய்க்கிறார்கள். கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைகளுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை என்று இங்கிலாந்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூச வேண்டும்.

சிறுவாணி (கோவை)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் புது வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். இங்கே வந்த பிறகு பையனுக்கு முழங்கால் மடிப்பில் அரிப்பு அதிகம். தண்ணீரை மென்மையாக்கும் எந்திரம் வைத்தால் சரியாகும் என்று விற்பனையாளர் சொல்கிறார். பெரிய தொகை. வைக்கலாமா?

மாத்திரைக்காரர்

கடினநீரில் சோப்பு நுரைக்காது, அதனால் அதிகம் தேய்ப்போம். கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் தோலில் படியும். இவ்வளவும் உண்மை. ஆனால் இங்கிலாந்தில் கரப்பான் உள்ள குழந்தைகளின் வீடுகளில் இந்த எந்திரத்தை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2011இல் முடிவு வந்தது: வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் சோப்பல்லாத வாசனையற்ற குளியல் கட்டியும் கிரீமும் வாங்கினால் நெடுங்காலம் வரும். பையனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கிணற்றடி

எல்லாவற்றையும் படித்தேன். பவழமல்லி கொஞ்சம் சூடாகப் பேசினாலும் விஷயத்தோடு பேசுகிறாள், எனக்குப் பிடித்திருக்கிறது. வெறும் பாசிப்பயறு மாவின் மேல் எனக்கிருக்கும் நம்பிக்கை போகவில்லை. ஆனால் இனி யாருக்காவது அரைத்துக் கொடுத்தால் கார்போகரிசி சேர்க்கமாட்டேன், வாசனைச் சரக்கும் கேட்டவர்களுக்கு மட்டும்தான்.

நொய்யல்கரை, கல்யாண வேலை பார்த்துப் பழகியவள் என்ற முறையில் கேட்கிறேன். உன் அம்மா வீட்டுக்குக் கல்யாணத்துக்காகப் பெயிண்ட் அடிக்கப்போகிறார்களா?

நொய்யல்கரை

அம்மா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். ஆடி கழிந்ததும் ஆள் வரச் சொல்லியிருக்கிறார்கள்! எனக்கு அது உறைக்கவே இல்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே நான் அங்கே போய்த் தங்க வேண்டும்.

இதுவரை செய்ததைச் சொல்கிறேன். ஷாம்புக்குப் பதில் வீட்டில் அரைத்த அரப்பு. மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். பாத்திரம் துலக்கக் கட்டிதான், கரண்டி அண்ணன் சொன்ன இரட்டைக் கையுறையோடு. பள்ளிக்கு என் சோப்பை டப்பாவில் எடுத்துப் போகிறேன். தலைமையாசிரியர் விவரம் கேட்டுவிட்டு, ஆசிரியர் அறையில் காற்றில் தானாகத் தெளிக்கும் அந்த வாசனைப் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். விரல்கள் மூடிக்கொண்டு வருகின்றன. கழுத்து இன்னும் முழுக்கச் சரியாகவில்லை.

பவழமல்லி

கண்ணுக்கு ஆறியதுபோல் தெரிந்த பிறகும் தோலின் உட்புறம் தேற இன்னும் வாரங்கள் ஆகும். அதுவரை கிரீமை நிறுத்தாதீர்கள். கழுத்துக்கு: உங்கள் ரவிக்கையையும் தலையணை உறையையும் துவைப்பது எதில் என்று பாருங்கள். கண்டிஷனரின் வாசனை துவைத்த பிறகும் துணியில் தங்கட்டும் என்றே செய்யப்படுவது. கணவரின் சட்டையிலிருந்தும் மகளின் தலையிலிருந்தும் உங்களுக்கு வரும். ஒருவருக்கு ஒவ்வாமை என்றால் வீடு முழுக்க மாற வேண்டியிருக்கிறது. வீட்டாரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

பெயிண்டுக்கு: நீங்கள் தங்கும் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். நல்ல சுண்ணாம்பின் காரத்தில் எதுவும் கெடாது, அதனால் இந்தப் பாதுகாப்புப் பொருள் அதற்குத் தேவையில்லை. பொட்டலத்தில் வரும் கலவையாக இல்லாமல் கிளிஞ்சல் சுண்ணாம்பாகவோ கல் சுண்ணாம்பாகவோ வாங்கி நீற்றச் சொல்லுங்கள். நீற்றும்போது நீங்கள் பக்கத்தில் போகாதீர்கள். மற்ற அறைகளுக்கு அடிக்கும் பெயிண்டை இப்போதே அடித்து, சன்னல்களைத் திறந்து போடட்டும்.

வடலி

பன்னீருக்கும் சொல்லிவிடுங்கள் அக்கா. வாசலில் தெளிக்காமல் மேசையில் வைத்தால் விரும்பியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் என் மகளின் சாமத்தியச் சடங்கில் அப்படித்தான் செய்தோம். சந்தனக் கும்பாவும் மேசையில்தான் இருந்தது.

நொய்யல்கரை

அம்மாவிடம் பேசிவிட்டேன். உள்ளறைக்குச் சுண்ணாம்பு, கூடத்துக்கும் முன்னறைக்கும் இந்த வாரமே பெயிண்ட். தங்கை மாப்பிள்ளை வீட்டாரிடம் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள். அங்கே மாமியாருக்கும் ஹேர் டை ஆகாதாம், அதனால் விஷயத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார்களாம். மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கக் கூம்பு வாங்கப்போகிறார்கள். கருப்பாகச் சிவக்கும் என்கிற அந்தக் கூம்பு நல்லதா?

மாத்திரைக்காரர்

வேண்டவே வேண்டாம். மருதாணி இலை ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் நிறம் தரும். வைத்த சற்று நேரத்தில் கரேலென்று ஆகிறது என்றால் அதில் பாராஃபினைலீன்டையமின் கலந்திருக்கலாம். அந்த மாமியாருக்கு ஆகாத ஹேர் டையில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. கல்யாணத்தன்று கை நிறையக் கொப்பளத்தோடு நிற்க நேரிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அது கலந்த தலைச்சாயம் பூச முடியாது. இலையைப் பறித்து அம்மியில் அரைக்கச் சொல்லுங்கள்.

கிணற்றடி

முகவரியை நெறியாளர் மூலம் தனிச்செய்தியில் அனுப்பு. எங்கள் கொல்லையில் மருதாணி மரமாகவே நிற்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.